எலி கடித்ததாகச் சொன்ன ஸ்வெட்டர்

ஐயா ராசா,

முதலில் நல்ல சேதியெல்லாம் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றது. உன் அக்கா மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷத்திலும் வகுப்பிலே முதல் ஆளாக வந்துவிட்டாள். அவள் தம்பி சிலம்பத்துக்குப் போய் வெள்ளி மெடல் வாங்கி வந்து, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே மூன்று நாள் சாப்பிட்டான். உன் சித்தப்பா மகன் செல்வம் திருத்தங்கலில் சொந்தமாக ஆப்செட் பிரஸ் போட்டு, இந்த வருஷம் காலண்டர் ஆர்டர் தாங்க முடியாமல் சிலதைத் திருப்பி அனுப்புகிறான். அவன் தங்கச்சி பரீட்சை எழுதிப் பாஸாகி விருதுநகரில் கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸில் ஆட்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்களாம், அவளே சொன்னாள். நீ ஜெர்மனியில் இன்ஜினியர். உன் மகளுக்குப் பதினோரு மாதத்தில் ஆறு பல், சுவரைப் பிடிக்காமல் நாலு எட்டு நடை. அஞ்சாம் வகுப்போடு நின்று, ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வெடி பின்னியவளின் வீட்டுப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்றால் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தால் என்ன?

இதையெல்லாம் உனக்கே ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். குன்னூரில் இருக்கிற உன் மாமியாருக்கு இந்தப் பட்டியலைப் போனில் பல தடவை ஒப்பித்தாயிற்று. முழுக்கக் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷம்மா" என்பார்கள். பிறகு மெதுவாக, "நான் பாப்பாவுக்கு இப்ப கால் உறை பின்னிக்கிட்டிருக்கேன்" என்பார்கள். அவ்வளவுதான். நர்சிங், மெடல், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் மழையில் நனைந்த வெடி மாதிரி சத்தமில்லாமல் போய்விடும்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். மருமகள் கவிதா பக்கத்தில் இருப்பாள். பாப்பா சிரிப்பாள். சிரிக்கிற பிள்ளையின் முன்னால் ஒரு பொய்யை எப்படி அவிழ்ப்பது? தீபாவளி முடிந்து கம்பெனியெல்லாம் பூட்டிக் கிடக்கிறது, தெருவே அமைதியாக இருக்கிறது, உன் அப்பா டீக்கடைக்குப் போயிருக்கிறார். இப்போது எழுதாவிட்டால் எழுத மாட்டேன்.

எனக்கு உன் மாமியார் மேல் பொறாமை. இதை மறைத்து எழுதினால் மற்ற எதுவும் உனக்குப் புரியாது. கவிதா மாசமாக இருந்தபோதே அவர்கள் பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியும், பிள்ளை பிறந்து முகம் பார்க்கிற வரை ஒரு துணி வாங்க மாட்டோம், ஒரு தொட்டில் கயிறு எடுத்துவைக்க மாட்டோம். அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஊரில் அந்தக் கட்டு இல்லை போலிருக்கிறது. பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்றவள்தானே போக வேண்டும்? போனார்கள். ஜெர்மனியில் உங்களோடு மூன்று மாதம் இருந்தார்கள். பழந்துணிக்கு மட்டும் அந்தக் கட்டு கிடையாது என்று, நான் உன் அப்பாவின் பழைய வேட்டியைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி, எட்டுத் துண்டாகக் கிழித்து அவர்கள் பெட்டியில் வைத்து அனுப்பினேன். நீயும் உன் அக்காவும் முதன்முதலில் படுத்த துணி அந்த மாதிரித் துணிதான். பிள்ளை பிறந்ததும் நீ அனுப்பிய முதல் போட்டோவில் பாப்பா தலை முதல் கால் வரை கம்பளிப் போர்வைக்குள் இருந்தாள். நான் போட்டோவை விரித்து விரித்துப் பார்த்தேன், வேட்டித் துணியின் ஓரம்கூடத் தெரியவில்லை. அந்த எட்டுத் துண்டும் என்ன ஆயிற்று என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நீயாவது எழுது.

அதற்குப் பிறகு வந்த போட்டோ எல்லாம் அப்படித்தான். இளம்பச்சையில் ஒரு சட்டை, காதில் குஞ்சம் தொங்குகிற தொப்பி, பட்டன் வைத்த கையில்லாச் சட்டை. சொந்தக்காரர்கள் போனை வாங்கிப் பார்ப்பார்கள். "ஆத்தி, என்ன அழகா இருக்கு, யாரு பின்னுனது?" என்பார்கள். பிள்ளை யார் மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி கேட்கவில்லை. மூக்கு அப்படியே என் மூக்கு. அதைப் பார்க்க யாருக்கும் கண் இல்லை.

ஆவணியில் செல்வம் மிஷின் பார்க்க ஜெர்மனிக்குக் கிளம்பினான் இல்லையா? அவனிடம் கொடுத்துவிடச் சொல்லி உன் மாமியார் ஒரு பார்சலை என் பேருக்கு அனுப்பினார்கள். பிரித்தேன். பிரிக்கக் கூடாதுதான். உள்ளே வெள்ளைத் தாளில் சுற்றி ஒரு ஸ்வெட்டர். உறைந்த நெய்யின் நிறம். காஷ்மீர் ஆட்டின் அடிமுடியில் திரித்த நூலாம், தன் பென்ஷனில் வாங்கியதாம், போனில் சொல்லியிருந்தார்கள். கையில் எடுத்தால் கனமே இல்லை. என் விரல் நுனிதான் உனக்குத் தெரியுமே, வெடிமருந்தும் நூலும் அறுத்து அறுத்து வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் நூல் மாட்டியது. ஒரு இழை வெளியே வந்தது. கம்பெனியில் இத்தனை வருஷமும் பருத்திச் சேலைதான், நைலான் கட்டினால் உள்ளேயே விட மாட்டார்கள், உரசினால் பொறி வரும் என்று. கம்பளி என்ற ஒன்றை என் ஆயுசில் அன்றைக்குத்தான் தொடுகிறேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். இதைப் போட்டுக்கொண்ட பிள்ளை என்னுடைய எதைப் போடும் என்று நினைத்தேன்.

கை தவறி நூல் பிரிந்துவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கை தவறவில்லை ராசா. கழுத்துப் பக்கம் இருந்த முடிச்சை ஊக்கால் அவிழ்த்து, நுனியைப் பிடித்து இழுத்தேன். வரிசை வரிசையாக ஓடியது. நடுமத்தியானம், வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. இரண்டு கையும் முதுகும் முன்பக்கமும் போய், மடியில் இடியாப்பம் மாதிரி சுருள் சுருளாக ஒரு குவியல் கிடந்தது. உன் அப்பா வந்து நின்று பார்த்தார்.

"ஏட்டி, என்ன பண்ணுத?"

"எலி கடிச்சிருச்சுங்க. நல்ல நூலை மட்டும் பிரிச்சு எடுக்கேன்."

அவர் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த எலி? சேலை கட்டுன எலியா?" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மனுசன் அதற்குப் பிறகு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நான் தட்டை வைக்கும்போதெல்லாம், "இதையாச்சும் எலி விட்டுச்சே" என்பார்.

சிவகாசியில் ஒரு பேன்சி ஸ்டோரில் தூசி படிந்து ஒரே ஒரு ஜோடி பின்னல் ஊசி இருந்தது, மெல்லிசு. உன் அக்கா மகள் போனில் வீடியோ போட்டுக் கொடுத்தாள். ஒரு வரிசை நேராக, ஒரு வரிசை எதிராக, அவ்வளவுதானே? வீடியோவில் வந்தவள் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள், நான் கையை மட்டும் பார்த்தேன். கண்ணி எண்ணுவது எனக்கு ஒரு வேலையா? சரவெடி பின்னியவள் நான். இரண்டு பக்கமும் வெடியை வைத்து, திரிகளை நடுவில் சேர்த்து, நூலால் பின்னிக்கொண்டே போக வேண்டும். பேசிக்கொண்டே எண்ணுவேன், எண்ணிக்கொண்டே பாடுவேன். நாலு நாளில் ஒரு தொப்பி முடித்துவிட்டேன். எலி கடித்தது போக மிச்ச நூலில் அம்மா பின்னியது என்று சொல்லிச் செல்வத்திடம் கொடுத்தனுப்பினேன்.

நீ போனில் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "எம்மா, எலி கடிச்சதைக்கூட விடாம தொப்பியா மாத்திட்டியே, நீ பெரிய ஆளுதான்" என்றாய். அந்தப் பாராட்டு எனக்கு இரண்டு நாள் இனித்தது, பிறகு நெஞ்சில் முள்ளாக நின்றது. அன்றைக்கு வீடியோவில் உன் மாமியாரும் சேர்ந்து இருந்தார்கள். கவிதா பாப்பா தலையில் தொப்பியை மாட்டினாள். மாட்டினாள் என்றா சொன்னேன், இழுத்து இழுத்து ஏற்றினாள். பிள்ளை முகம் சுருங்கி ஓவென்று அழுதது. எடுத்தபோது நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. "குளிருல தோல் அப்படித்தான் அத்தை ஆகும்" என்று கவிதா எனக்காகப் பொய் சொன்னாள். அவள் நல்ல பெண். அந்தத் தொப்பியை மறுபடி ஒரு போட்டோவிலும் நான் பார்க்கவில்லை.

உன் மாமியார் மட்டும் தொப்பியைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னார்கள். உள்பக்கம் திருப்பச் சொன்னார்கள். ஹைஸ்கூல் டீச்சர் இல்லையா, நோட்டுத் திருத்துகிற பார்வை. பார்த்துவிட்டு, "ஒரு முடிச்சுகூட இல்லாம பின்னியிருக்கீங்களேம்மா, எலி கடிச்ச நூலுல" என்றார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. எலி கடித்திருந்தால் நூல் துண்டு துண்டாகத்தானே வரும்? துண்டுக்குத் துண்டு முடிச்சுப் போட்டால்தானே பின்ன முடியும்? பொய் சொன்னவளுக்கு இது தோன்றவில்லை. நீயும் கவிதாவும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் அது தொப்பியைப் பற்றிய பேச்சு. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அது வேறு.

பத்து நாள் அவர்கள் போனை நான் எடுக்கவில்லை. பிறகு இன்னொரு பார்சல் வந்தது. அதே நெய் நிறத்தில் புது நூல் உருண்டை, கொஞ்சம் தடித்த மரஊசி ஒரு ஜோடி, ஒரு சீட்டு. சீட்டில் அழகான கையெழுத்தில், "எலி வராத இடமாகப் பார்த்து வைக்கவும்" என்று இருந்தது. குத்தலா, கேலியா, நல்ல மனசா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இந்தம்மா நம்ம பக்கம் பொறந்திருக்க வேண்டிய ஆளு" என்றார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

நான்தான் போன் போட்டேன். நூல் வந்தது என்று சொல்லத்தான். அவர்கள், "வீடியோவுல வாங்க, நீங்க பின்னுறதைப் பாக்கணும்" என்றார்கள். பின்னிக் காட்டினேன். ஒரு வரிசை போவதற்குள், "அய்யய்யோ, நூலை ஏம்மா அந்த இழு இழுக்கறீங்க? அது என்ன குத்தம் பண்ணுச்சு?" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"சம்பந்தியம்மா, சரம் பின்னுறப்ப இறுக்கிப் பின்னலைன்னா வெடி உதுந்துரும். போர்மேன் ஒரு முனையைப் புடிச்சு உதறுவாரு. ஒரு வெடி விழுந்தாலும் முழுசையும் பிரிச்சு மறுபடி பின்னணும். லூசா இருந்தா நெருப்பு பாதி வழியில நின்னு போகும். என் கை அங்கன பழகுன கை."

"அப்ப உங்க கைமேல தப்பில்ல" என்றார்கள். "ஆனா இது வெடிக்கக் கூடாதும்மா. ஊசியில இருந்து தானா வழுக்கி இறங்கணும். உள்ள ஒரு குழந்தை மூச்சு விடணும்." அதிலிருந்து தினமும் மத்தியானம் அரை மணி நேரம் பாடம். விரலைக் கண்டபடி திட்டினார்கள். "சுண்டு விரலை நீட்டுங்க, அது ஏன் கொக்கி மாதிரி நிக்குது?" என்பார்கள். "உங்க ஸ்கூல் புள்ளைங்க பாவம்" என்று நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெடிப்பில் நூல் மாட்டாமல் இருக்கப் படுக்கும்போது விரலுக்கு நெய் தடவி, காலையில் அரைத்த பயத்தமாவு போட்டுக் கழுவச் சொன்னார்கள். உன் அப்பா, "கல்யாணத்துக்கு முந்திகூட இப்படிக் கையைப் பாத்துக்கிட்டதில்லையே" என்றார்.

இந்த இடத்தில் உன்னிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ நாலாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு டீச்சர் உனக்குத் தலை சீவிவிடுவாள், நினைவிருக்கிறதா? எனக்கு வேன் விடியுமுன்னே வந்துவிடும், நீ பரட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போவாய். அந்த டீச்சர் பையில் எண்ணெய் வைத்திருந்து உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சீவி அனுப்புவாள். சாயங்காலம் நீ வந்து, "டீச்சர் சீவுனா வலிக்கவே இல்லம்மா" என்றாய். மறுநாள் அரைநாள் லீவு சொல்லி நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். "எம் புள்ளைக்குத் தலை சீவ எனக்குத் தெரியும், உங்க சோலியப் பாருங்க" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் உன்னைத் தொடவில்லை. "டீச்சர் ஏம்மா என்னையக் கூப்பிடவே மாட்டேங்காங்க?" என்று ஒரு வாரம் கேட்டாய். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். அது நான் உனக்குச் சொன்ன பெரிய பொய். எலி அதற்கு அடுத்தது.

அதனால் சொல்கிறேன், ராசா. நாளைக்கு உன் மகள் பால்வாடியிலோ பக்கத்து வீட்டிலோ யார் மடியிலாவது போய் உட்கார்ந்து உன்னைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பாள். அன்றைக்கு உனக்கு வயிறு எரியும். நீ என் பிள்ளை, கட்டாயம் எரியும். எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும், அந்த மடியில் இருந்து பிள்ளையை எழுப்பாதே. எழுப்பினால் பிள்ளை உன் மடிக்கு வந்துவிடும் என்று நினைக்காதே. அன்றைக்கு நீ என் மடிக்கு வரவில்லை. ஒரு வாரம் வாசலில்தான் உட்கார்ந்திருந்தாய்.

புது நூலில் பாப்பாவுக்குப் பின்ன ஆரம்பித்த சட்டையின் முதுகுப் பக்கத்தை முடித்த அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. "சம்பந்தியம்மா, எங்க வீட்டுல எலி கிடையாது" என்று சொல்லிவிட்டேன். ஊசியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் அவர்களும் தங்கள் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும்மா" என்றார்கள். "உள்பக்கம் பாத்ததுமே தெரியும். கோபம் இருந்துச்சு. ரெண்டு மாசம் பின்னினது." பிறகு, "நானும் ஒண்ணு சொல்லவா? அந்த ஸ்வெட்டரை நான் இங்கிருந்தே நேரா ஜெர்மனிக்குப் போஸ்ட் பண்ணியிருக்கலாம். மத்ததெல்லாம் அப்படித்தான் அனுப்பறேன். உங்க கண்ணுல படட்டும்னுதான் உங்க பேருக்கு அனுப்பினேன்" என்றார்கள்.

"ஏன்?"

"மூணு மாசம் நான் தூக்கி வச்சிருந்தேன். குளிப்பாட்டினேன். ஊருக்கு வந்த பிறகு வீடியோவுல நான் கூப்பிட்டா அவ பொம்மையைப் பாக்கறா. நீங்க அங்கிருந்து 'ஏலே, யாருலே அது'ன்னு ஒரு சத்தம் போட்டா உடனே திரும்பிச் சிரிக்கிறா. நானும் அந்த மாதிரி கத்திப் பாத்தேன்மா, தனியா இருக்கும்போது. எனக்கு வரல."

எனக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு டீச்சர், இங்கிலீஷ் தெரிந்தவர்கள், கையில் இவ்வளவு வித்தை இருப்பவர்கள், குன்னூரில் கதவைச் சாத்திக்கொண்டு "ஏலே" என்று கத்திப் பார்த்திருக்கிறார்கள். நான் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். "எப்படிச் சொல்லணும்னு சொல்லிக் குடுங்க" என்றார்கள். "அதெல்லாம் சொல்லிக் குடுக்க முடியாது" என்றேன். முடியும்தான். குடுக்க மனசு வரவில்லை. அவர்கள் எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள், நான் அவர்களுக்கு இதைக்கூடக் கொடுக்கவில்லை. அதையும் இந்தக் கடிதத்தில் சேர்த்துக்கொள்.

ஆகவே, எலி இல்லை. நான்தான். உன் மாமியார் இரண்டு மாதம் உட்கார்ந்து பின்னியதை ஒரு மத்தியானத்தில் பிரித்தவள் நான். கவிதாவிடம் நீயே சொல். நான் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்றால் அதையும் சொல்கிறேன், ஆனால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கொடு. அந்த இறுக்கமான தொப்பியைத் தூர எறியாதே, வீட்டில் இருந்தால் அனுப்பிவை. நல்ல நூல், அதற்கு ஒரு பாவமும் தெரியாது. அவிழ்த்து, நனைத்துக் காயவைத்து, சுருள் போனதும் தளர்வாகப் பின்னிக் கொடுக்கலாம் என்று சம்பந்தியம்மா சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சட்டை வருகிறது. நெய் நிறம், முன்பக்கம் மூன்று பட்டன். இடது கை வலது கையைவிட ஒரு வரிசை நீளம், சம்பந்தியம்மா பிரிக்கச் சொன்னார்கள், இனிமேல் எதையும் பிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உள்ளே உன் இரண்டு விரலை விட்டுப் பார், தாராளமாகப் போகும். பாப்பாவுக்கு மார்கழியில் வயசு ஒன்று. அன்றைக்கு இதைப் போட்டுவிடு. அழுதால் உடனே கழற்றிவிடு, எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம் என்று கவிதாவிடம் சொல். அழவில்லை என்றால் ஒரு போட்டோ எடு. போனில் அனுப்புகிற போட்டோ வேண்டாம், அது அடுத்த போட்டோ வந்ததும் மேலே ஏறி ஓடிவிடுகிறது. தாளில் போட்டு, கவரில் வைத்து, தபாலில் அனுப்பு. தலையில் தொப்பி கிப்பி எதுவும் வேண்டாம், அவர்கள் தொப்பி இருந்தால் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். மூக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி எடு.

குன்னூருக்கும் ஒன்று போடு. என்ன இருந்தாலும் அவர்கள் கொடுத்த நூல், அவர்கள் சொல்லிக்கொடுத்த கை. ஆனால் ராசா, எனக்கு இன்றைக்குப் போஸ்ட் பண்ணினால், அவர்களுக்கு நாளைக்குப் பண்ணு.

உன் அம்மா